ஏசி தண்ணி

முதலியார்பேட்டையில் அன்னக்கிளியம்மாவின் வீட்டுக்கு மெக்கானிக் ஷஹாபுதீன் போய்ச் சேர்ந்தபோது காலை பத்தரை மணி இருக்கும். வெயில் ஏறிவிட்டது. ஸ்கூட்டரை வேப்பமரத்தடியில் நிறுத்திவிட்டு, டூல்ஸ் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கேட்டைத் தள்ளினார். வீட்டுக் கதவு விரியத் திறந்து கிடந்தது. உள்ளேயிருந்து ஊதுவத்தி வாசனை வந்தது. அதற்கு அடியில் வேறொரு வாடையும் வந்தது. ரோஜா மாலையைப் பிளாஸ்டிக் பையில் நாலு நாள் கட்டி வைத்துவிட்டு அவிழ்த்தால் வருமே, அந்த வாடை.

அந்த அம்மா செத்துப் பதினோரு நாள்தான் ஆகிறது, துக்க வீடு வேறெப்படி நாறும் என்று நினைத்துக்கொண்டு அவர் நேரே ஷெட்டுக்குப் போனார்.

ஷெட்டில் நின்ற வண்டிக்கு இன்னொரு ஜோடியைப் புதுச்சேரி முழுக்கத் தேடினாலும் பார்க்க முடியாது. அன்னக்கிளியம்மாவின் கணவர் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்த சொல்தா. மகன் இனியவன் பாரிஸ்வாசி. நாலு வருஷத்துக்கு முன்னால் ஆசைப்பட்டு அவன் கப்பலில் கொண்டுவந்து இறக்கிய பிக்கப் டிரக் அது. எஞ்சின் தலையில் சூப்பர்சார்ஜர் உட்கார்ந்திருக்கும். காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் திணிக்கிற சாமான் அது. மிதித்தால் ஊளையிட்டுக்கொண்டு பாயும். வண்டியை அம்மாவின் பொறுப்பில் விட்டுவிட்டு விமானம் ஏறியவன், வாரம் தவறாமல் போன் போட்டு விசாரிப்பான். ஸ்டார்ட் செய்தீர்களா, டயரில் காற்று இருக்கிறதா, எலி ஏறியதா என்று எல்லாம் கேட்பான். அம்மாவுக்குக் கால் வீங்கியிருக்கிறதே, அது வடிந்ததா என்று அவன் கேட்டதாகத் தெருவில் யாருக்கும் நினைவில்லை.

இப்போது அவன் ஷெட் வாசலில் கைக்குட்டையால் மூக்கைப் பொத்தியபடி நின்றிருந்தான். நாற்பது வயது, இஸ்திரி கலையாத சட்டை. பக்கத்தில் அருள்முருகன். ஐஸ் பெட்டி வாடகைக்கு விடும் கடையில் டிரைவர். சாவு வீட்டில் பெட்டியை இறக்குவதும் ஏற்றுவதும்தான் வேலை. வாரம் ஒரு முறை வந்து இந்த டிரக்கை ஸ்டார்ட் செய்து தெருவைச் சுற்றி வருவதும் அவன்தான்.

"வாங்க பாய்," என்றான் இனியவன். "முந்தாநேத்து ஈசிஆர்ல ஓட்டிப் பாத்தேன். மொத அஞ்சு நிமிஷம் சும்மா பறக்குது. அப்புறம் பின்னாடி யாரோ ஏறி உக்காந்துட்ட மாதிரி இழுக்கவே மாட்டேங்குது. திங்கக்கிழம ஒருத்தர் வண்டியப் பாக்க வராரு. அதுக்குள்ள சரி பண்ணிக் குடுங்க."

"பாத்துருவோம் தம்பி. பானெட்டத் தொறங்க."

ஷஹாபுதீனைப் பற்றி ஒன்று சொல்லிவிட வேண்டும். ஐம்பத்தாறு வயது, முப்பத்தெட்டு வருஷத் தொழில். அவருக்குப் பெயர் வாங்கிக்கொடுத்தது கை இல்லை, நாக்கு. எஞ்சினிலிருந்து எது ஒழுகினாலும் விரலால் தொட்டு நாக்கு நுனியில் வைப்பார். கூலண்ட் இனிக்கும். பிரேக் ஆயில் கசக்கும். பேட்டரித் தண்ணீர் சுள்ளென்று கடிக்கும். ருசி பார்த்த கையோடு துப்பிவிட்டு நோயைச் சொல்லிவிடுவார். அசிங்கம் பிடித்த பழக்கம், சந்தேகமே இல்லை. அதெல்லாம் விஷம் என்று அவருக்கும் தெரியும். மனைவி நபீசா தலைதலையாய் அடித்துக்கொண்டாள். "ஒடம்பு பூரா சுகரு. இனிப்புன்னு சொன்னா கூலண்ட்டையும் விட மாட்டீங்களா?" என்பாள். கேட்டால்தானே.

சாவியைப் போட்டுக் கொஞ்ச நேரம் எஞ்சினை உறுமவிட்டார். சூப்பர்சார்ஜர் ஊளை சரியாகத்தான் இருந்தது. பெல்ட்டிலும் குறையில்லை. ஸ்கேனரை மாட்டிப் பார்த்தால், எஞ்சினுக்குள் போகிற காற்றின் சூடு கிடுகிடுவென்று ஏறியது. அங்கேயே பாதி விஷயம் விளங்கிவிட்டது. அமுக்கின காற்று கொதிக்கும். அதைக் குளிரவைக்கத்தான் இன்டர்கூலர். அதற்கென்று தனியாக ஒரு சின்னத் தொட்டித் தண்ணீர். அந்தத் தண்ணீரைச் சுற்றவிட உள்ளங்கை அளவு கரண்ட் பம்பு ஒன்று. காற்று குளிரவில்லை என்றால் தண்ணீர் சுற்றவில்லை. வண்டி தன்னைக் காப்பாற்றிக்கொள்ள இழுவையைக் குறைத்துக்கொள்கிறது, அவ்வளவுதான்.

இரண்டு ஹோஸ்களையும் தொட்டார். எஞ்சின் பக்கத்து ஹோஸ் கை வைக்க முடியாத சூடு. முன்பக்கத்து ஹோஸில் சூடே இல்லை. சரிதான், ஓட்டமே இல்லை. பியூஸைப் பிடுங்கி வெளிச்சத்தில் பார்த்தார், நன்றாக இருந்தது. ரிலே டிக்கென்றது. பம்பின் சாக்கெட்டைக் கழற்றி டெஸ்ட் லாம்ப்பை வைத்ததும் பளிச்சென்று எரிந்தது. கரண்ட் வருகிறது. மறுபடி மாட்டிவிட்டுப் பம்பின் மேல் கையை வைத்தார். ஓடவில்லை. ஆனால் உள்ளே எதுவோ மெல்ல முனகியது.

"பம்பு போவல. எதையோ முழுங்கிட்டு அடச்சுக்கிட்டு நிக்குது," என்றார்.

தொட்டி மூடியைத் திருகினார். பம்பு ஓடினால் தண்ணீர் சுழல்வது இங்கேயே தெரியும். தண்ணீர் அசையாமல் கிடந்தது. பச்சையோ சிவப்போ நிறம் எதுவும் இல்லை. அரிசி களைந்த கழுநீர் மாதிரி மங்கலாக, மேலே எண்ணெய்ப் படலம் போல ஏதோ மினுங்கியது.

பழக்க தோஷம். விரல் தானாக உள்ளே போனது.

ஜில்லென்றிருந்தது.

கொதிக்கிற எஞ்சினுக்கு ஒரு முழம் தள்ளியிருக்கிற தண்ணீர் விரல் விறைக்கும்படி குளிர்ந்திருந்தது. அப்போதாவது அவர் கையை உதறியிருக்கலாம். முப்பத்தெட்டு வருஷப் பழக்கம் மூளையைக் கேட்டுக்கொண்டா நடக்கும்? விரல் நாக்கைத் தொட்டுவிட்டது.

இனிப்பில்லை. கசப்பும் இல்லை. முதலில் பன்னீர். அப்புறம் வாடின ரோஜா. அதற்கு அடியில் பழைய தலையணை உறை, விபூதி, காய்ச்சல்காரரின் வாய். எல்லாவற்றுக்கும் கீழே கொழுகொழுவென்று ஒரு கொழுப்பு, நாக்கில் ஒட்டிக்கொண்டு வர மறுத்தது. அவர் துப்பினார். மறுபடி துப்பினார். டூல்ஸ் பையிலிருந்த துணியை எடுத்து நாக்கை வழித்தார். ஒட்டியது ஒட்டியதுதான்.

"என்னா பாய் ஆச்சு?" என்றான் அருள்முருகன்.

அவர் கீழே ஒரு டப்பை வைத்து ஹோஸைக் கழற்றினார். தண்ணீர் கொழகொழவென்று இறங்கியது, ஐந்து லிட்டர் இருக்கும். பம்பைக் கழற்றி மூடியைப் பிளந்தார்.

உள்ளே அரிசி.

பச்சரிசி. ஊறி உப்பி, நகத்தளவு பருத்து, விசிறியைச் சுற்றி அடை அடையாக அப்பியிருந்தது. அரிசிக்குள்ளே நீளமாய் நரைமுடி ஒன்று பின்னிப் பின்னிப் போயிருந்தது. ஸ்க்ரூடிரைவரால் நெம்பியதும் மொத்தமும் வழுக்கிக்கொண்டு வந்து அவர் மணிக்கட்டில் விழுந்தது.

"தொட்டியில என்னத்தடா ஊத்தின?"

"தண்ணிதான் பாய். போன வாரம் பாத்தேன், கிளாம்பு ஒழுகி காலியா இருந்துச்சு. நீங்க சொன்ன ஏசி தண்ணியத்தான் ஊத்தினேன்."

அது ஷஹாபுதீன் எல்லோருக்கும் சொல்லும் பாடம். கடலோர ஊர், குழாயைத் திறந்தால் உப்பு. அந்தத் தண்ணீரை ஊற்றினால் அலுமினியத்தை அரித்துவிடும். ஏசி மிஷின் குழாயிலிருந்து சொட்டுகிற தண்ணீரில் உப்பே கிடையாது, அதைப் பிடித்து வைத்து ஊற்று என்று வருகிற வாடிக்கைக்காரர் அத்தனை பேரிடமும் சொல்வார். நல்ல புத்திமதிதான்.

"ஒன் வூட்டுல ஏசி இருக்கா?"

"எனக்கு ஏது பாய் ஏசி?" என்று அருள்முருகன் சிரித்தான். "எங்கிட்ட இருக்கறது ஒரே ஏசி பெட்டிதான். அதுலயும் அடியில டியூபு வச்சு தண்ணி சொட்டுமில்ல? அதக் கேன்ல புடிச்சு வச்சிருந்தேன். அதுவும் ஏசி தண்ணிதான?"



பிணம் வைக்கிற ஐஸ் பெட்டியை ஊரில் பாதிப்பேர் ஏசி பெட்டி என்றுதான் சொல்வார்கள். ஷஹாபுதீனும் சொல்லியிருக்கிறார். அவர் கேட்டைப் பிடித்துக்கொண்டு காலையில் தின்ற தோசையை முழுக்க வாந்தி எடுத்தார். வயிறு காலியான பிறகும் வாய் காலியாகவில்லை.

இனியவன் கைக்குட்டையை எடுத்துவிட்டான். "எந்தப் பெட்டி?" என்று மெல்லக் கேட்டான்.

"இந்த வூட்டுல வச்ச பெட்டிதாண்ணே. அம்மாவ வச்சது." அருள்முருகனின் சிரிப்பு போய்விட்டது. "மூணு நாள் வச்சிருந்தோம். நீங்க வரேன் வரேன்னு சொன்னீங்க. நடுவுல கரண்டு வேற போய்ப் போய் வந்துச்சு."

"அரிசி எப்பிடிடா வந்துச்சு?" என்றார் ஷஹாபுதீன். "பெட்டிக்குள்ள வாய்க்கரிசி போட்டீங்களா?"

"பெட்டிக்குள்ள எவனாச்சும் போடுவானா பாய்? வெளிய எடுத்த பெறகுதான் போடுவாங்க." அவன் இனியவனை ஓரக்கண்ணால் பார்த்தான். "அந்தம்மாவுக்கு வாய்க்கரிசியே போடல. பெத்த புள்ள இருக்கையில நாங்க போடறது மொறையில்லன்னு தெருவுல எல்லாரும் கைய கட்டிக்கினாங்க. வீடியோல அண்ணன்கிட்ட கேட்டோம். சாஸ்திரமெல்லாம் வேணாம், எடுத்துடுங்கன்னுட்டாரு. வெறும் வாயோடதான் போனாங்க."

இனியவன் டப்பில் மிதந்த அரிசியைப் பார்த்தான். முகத்தில் ஈயாடவில்லை. பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, "புது பம்பு எப்ப வரும்?" என்று கேட்டான்.

மனுஷனா இவன் என்று ஷஹாபுதீனுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. கூட நிற்பதே அருவருப்பாக இருந்தது. சென்னைக்குச் சொன்னால் மூன்று நாளில் வரும் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

வீட்டுக்கு வந்து மூன்று முறை பல் தேய்த்தார். கிராம்பு மென்றார். உப்பு நீரில் கொப்புளித்தார். நபீசா மதியத்துக்குக் கறிக்குழம்பு வைத்திருந்தாள். முதல் கவளத்தை வாயில் வைத்ததும் அது பன்னீராகி, ரோஜாவாகி, தலையணை உறையாகி, கடைசியில் அந்தக் கொழுப்பாக நாக்கில் படிந்தது. துப்பிவிட்டார். தண்ணீர் குடித்தார். தண்ணீரிலும் அதே ருசி. தொண்டை இறுகி மூடிக்கொண்டது.

மறுநாளும் அப்படித்தான். இது வெறும் அருவருப்பாக மட்டும் இருந்திருந்தால் பட்டினி கிடந்தே சரிசெய்திருக்கலாம். அவரோ காலையும் மாலையும் இன்சுலின் போடுகிற ஆள். தின்னாமல் ஊசி போட்டால் மயங்கி விழுவார், ஊசி போடாமல் விட்டால் சுகர் ஏறும். இரண்டாம் நாள் நடுப்பகலில் வாசற்படியிலேயே கண் இருட்டி உட்கார்ந்துவிட்டார். கிளினிக்கில் குளுக்கோஸ் ஏற்றினார்கள். டாக்டரம்மா வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, புண்ணும் இல்லை, வீக்கமும் இல்லை என்றாள். ஆனால் இப்படி இன்னும் இரண்டு நாள் தண்ணீர் இறங்காமல் போனால் கிட்னி தாங்காது, பெரியாஸ்பத்திரியில் சேர்க்க வேண்டும் என்று நபீசாவைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாள்.

வாஷ்பேசினில் அன்று மாலை நபீசா ஒன்றைப் பார்த்தாள். அவர் கொப்புளித்துத் துப்பிய இடத்தில் ஊறிப்போன பச்சரிசி நாலு கிடந்தது.

"சோறே தின்னல. அரிசி எங்கேருந்துங்க வந்துச்சு?"

நபீசா விறுவிறுவென்று பள்ளிவாசல் அஜ்ரத்திடம் போய்த் தண்ணீர் ஓதி வாங்கி வந்தாள். அதுவும் தொண்டையைத் தாண்டவில்லை. வாய் ஓரமாக வழிந்து சட்டையை நனைத்தது. அவள் அழாமல் அவர் மோவாயைத் துடைத்துவிட்டாள்.

அந்த நேரத்தில்தான் இனியவன் போன் செய்தான். ஸ்பீக்கரில் போட்டாள்.

"பாய், பம்பு வந்துடுச்சா? திங்கக்கிழம அவர் வந்துடுவார்."

ஷஹாபுதீன் நாளைக்கு வரும் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார். அது அவர் நினைத்ததற்கு மேல் திறந்தது. தாடை கிர்ரென்று இறங்கியது. நாக்கு தானாகப் புரண்டது.

"சாப்ட்டியா கண்ணு?"

வயதான பெண்பிள்ளைக் குரல். சளி கட்டின குரல். நபீசா போனைக் கீழே போட்டுவிட்டாள்.

போனில் இனியவன் மூச்சு விடுகிற சத்தம் மட்டும் கேட்டது. அப்புறம் அதுவும் நின்று லைன் போய்விட்டது.

ஷஹாபுதீன் தாடையைக் கையால் தூக்கி மூடிக்கொண்டார். கைக்கெட்டும் தூரத்தில் சோறு இருக்கிறது, குடம் நிறையத் தண்ணீர் இருக்கிறது. தன் வாய் தன்னிடம் இல்லை. யாருக்காகவோ திறந்து வைத்திருக்கிற வாய் அது. யாருக்காக என்பதில் அவருக்குச் சந்தேகமே இருக்கவில்லை.

மூன்றாம் நாள் காலை பார்சலில் பம்பு வந்தது. நபீசா எவ்வளவோ தடுத்தாள். அவர் கேட்கவில்லை. அவளையும் கூட்டிக்கொண்டு ஆட்டோவில் போனார். ஷெட்டில் அருள்முருகன் சுவரோடு சுவராக நின்றான். இனியவன் இரண்டு நாளில் இளைத்திருந்தான். போனைப் பற்றி அவன் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

தொட்டியையும் ஹோஸ்களையும் நாலு முறை அலசினார். கடையில் வாங்கிய புது கூலண்ட்டை ஊற்றினார். பம்பை மாட்டிச் சாக்கெட்டைச் சொருகிச் சாவியைத் திருப்பச் சொன்னார். பம்பு ரீங்காரமிட்டது. தொட்டிக்குள் பச்சைக் கூலண்ட் சுழன்றது. இனியவன் அப்பாடா என்று மூச்சு விட்டான்.

சுழற்சி மெதுவாகிக்கொண்டு வந்தது.

பச்சை வெளுத்தது.

அடியிலிருந்து ஒவ்வொன்றாக, வெள்ளையாக மேலே வந்தன. பன்னீர் வாடை ஷெட்டை நிறைத்தது. பம்பு முனகி நின்றது.

"யா அல்லாஹ்," என்று நபீசா முந்தானையால் வாயைப் பொத்தினாள்.

ஷஹாபுதீன் ஸ்பேனரைக் கீழே வைத்தார். இதற்கு மேல் இது மெக்கானிக் வேலை இல்லை.

"தம்பி, உள்ள போய் ஒரு கைப்பிடி அரிசி எடுத்துட்டு வாங்க," என்றார். ஒவ்வொரு சொல்லுக்கும் நாக்கைத் தள்ள வேண்டியிருந்தது. "அன்னிக்குப் போடாதத இன்னிக்குப் போட்டுடுங்க. எனக்குத் தண்ணி எறங்கி மூணு நாளாச்சு. நான் செத்துருவேன் தம்பி."

"என்ன பாய் பேசறீங்க? உங்க வாயிலயா? அசிங்கமா இல்ல?"

"அசிங்கந்தான்! நீங்க மூணு நாளு பெட்டியில போட்டு வச்சீங்களே, அது அசிங்கமில்லையா?"

இவ்வளவு நேரமும் அழாதிருந்த நபீசா இப்போது உடைந்துபோனாள். "ஒங்க அம்மாவுக்குச் செய்ய வேணாம் தம்பி. எம் புருஷனுக்காகச் செய்ங்க," என்று கையெடுத்துக் கும்பிட்டாள்.

இனியவன் வாசலைப் பார்த்து இரண்டடி வைத்தான். பின்னாலிருந்து அந்தக் குரல் வந்தது. ரகசியம் பேசுவது போல வந்தது.

"சாப்ட்டியா கண்ணு?"

அவன் கால்கள் நின்றுவிட்டன.

அருள்முருகன்தான் ஓடிப்போய் அடுப்படி டப்பாவிலிருந்து அரிசி அள்ளி வந்து அவன் கையில் திணித்தான். "மூணு வாட்டிண்ணே. புறங்கையா போடணும். மூஞ்சப் பாக்காதீங்க."

ஷஹாபுதீன் ஷெட் தரையில் மல்லாக்கச் சாய்ந்தார். தாடை இறங்கியது. இறங்கிக்கொண்டே போனது. நபீசா அவர் தலையை மடியில் தாங்கினாள். பகல் பன்னிரண்டு மணி வெயில் தகரத்தைக் காய்ச்சியது, ஆனால் அந்த வாயிலிருந்து வந்த மூச்சு பெட்டி திறந்தது போல ஜில்லென்றிருந்தது.

முதல் முறை அரிசி விழுந்தது. வாய் அசையவில்லை.

இரண்டாம் முறை போடும்போது பாதி அரிசி அவர் தாடியில் சிந்தியது.

மூன்றாம் முறை அவன் விரல்களை அந்த நாக்கு தொட்டது. குளிர்ந்த, வழவழத்த நாக்கு. கன்று நக்குவது போல மெதுவாக ஒவ்வொரு விரலாக நக்கியது. இனியவன் அருவருப்பில் கத்தவில்லை. கையை இழுத்துக்கொள்ளவும் இல்லை. "அம்மா," என்றான். பதின்மூன்று நாளில் அவன் அந்த வார்த்தையைச் சொன்னது அதுதான் முதல் தடவை. தரையில் உட்கார்ந்து சின்னப் பையனைப் போல ஓவென்று அழுதான்.

வாய் மூடியது.

ஷஹாபுதீன் எழுந்து உட்கார்ந்து அரிசியைத் துப்பினார். நபீசா பாட்டிலை நீட்டினாள். பயந்து பயந்து ஒரு மிடறு விழுங்கினார். வெறும் தண்ணீர். ருசியே இல்லாத, அருமையான வெறும் தண்ணீர். பாட்டில் முழுவதையும் ஒரே மூச்சில் குடித்தார். பின்னால் பம்பு தானாக ரீங்கரிக்கத் தொடங்கியது. எட்டிப் பார்த்தால் தொட்டியில் பச்சைக் கூலண்ட் அழகாகச் சுழன்றுகொண்டிருந்தது.

வீட்டுக்கு வந்ததும் நபீசா இட்லி ஊற்றினாள். வேறெதுவும் இப்போதைக்கு வேண்டாம் என்று பாசிப்பருப்பு சாம்பாரோடு வைத்தாள். முதல் இட்லி போன இடம் தெரியவில்லை. உளுந்து உளுந்தாக இருந்தது, சாம்பார் சாம்பாராக இருந்தது. ஷஹாபுதீனுக்குக் கண் கலங்கியது. நபீசா பக்கத்திலேயே உட்கார்ந்து அவர் தின்பதை ஆசையாகப் பார்த்தாள்.

இரண்டாவது இட்லியைப் பிட்டபோதுதான் ஒரு கணக்கு இடித்தது. அந்த டப்பில் ஐந்து லிட்டர் இறங்கியது. ஒரு பெட்டி, மூன்று நாள், அதிலும் கரண்டு இல்லாத நேரம் போக. அவ்வளவு தண்ணீர் எப்படிச் சொட்டும்?

இடது கையால் அருள்முருகனுக்குப் போன் போட்டார்.

"அருளு, அந்தம்மா பெட்டியில எவ்ளோடா தண்ணி புடிச்ச?"

"ஒரு லிட்டரு இருக்கும் பாய். ஏன்?"

"ஊத்தினது அஞ்சு லிட்டராச்சே?"

"மீதி முன்னாடியே கேன்ல இருந்துச்சு பாய். நீங்கதான போன வருஷமே சொன்னீங்க, ஏசி தண்ணிய வீணாக்காத, புடிச்சு வைன்னு. அப்பலேருந்து எல்லாப் பெட்டியிலயும் புடிக்கறனே. வீராம்பட்டினத்துப் பெரியவரு ஒருத்தரு, அப்புறம் நம்ம தெரு டெய்லரு, அப்புறம் பிள்ளைச்சாவடியில கடலு இழுத்துப் போட்டுச்சே ஒரு பொண்ணு, பாவம், யாருன்னே தெரியல, ஆளுங்களும் வரல. அதுக்கப்புறம்…"

அவன் சொல்லிக்கொண்டே போனான். ஷஹாபுதீன் போனைக் கீழே வைத்துவிட்டார். வாயிலிருந்த இட்லியை மென்றார்.

நறுக்கென்றது.

"என்னங்க?" என்றாள் நபீசா. "கல்லா? அரிசிய நாலு தண்ணி கழுவினேனே."

அவர் உள்ளங்கையில் துப்பினார். ஈர மணல், ஒரு சிட்டிகை. அதில் அரிசியை விடச் சின்னதாக ஒரு கிளிஞ்சல். நாக்கெல்லாம் உப்புக் கரித்தது.

நபீசா தண்ணீர்ச் செம்பை எடுக்க எழுந்தாள். அவள் திரும்பி வருவதற்குள் அவர் தாடை மெல்ல இறங்கத் தொடங்கியிருந்தது.